ஹோம்ஸுக்கு ‘என்ன இருந்தது?’ – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஷெர்லக் ஹோம்ஸுக்கு ஆட்டிசம் இருந்தது என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாதிப் பேர் அடித்துச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: ஹோம்ஸ் கதையில் வரும் துப்பறிவாளர். இல்லாத ஆளுக்கு யாரும் மருத்துவச் சான்றிதழ் எழுத முடியாது. ஹோம்ஸ் அச்சேறியது 1887இல். லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதியது 1943. இன்னொரு மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியது 1944. ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் மனதில் வைத்திருந்தது எடின்பரோவில் தமக்குப் பாடம் நடத்திய ஜோசப் பெல் என்ற அறுவை மருத்துவரை. நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய தொழிலைச் சொல்லிவிடுகிற மனிதர் அவர்.

அதற்காக உங்கள் நண்பர்கள் வெறுங்கையோடு வாதாடுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டோம். 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தனி நூலே எழுதியவர், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற தகவல் தமக்கு எதற்கு என்கிறார். வழக்கு இல்லாத நாள்களில் காலை முதல் இரவு வரை சோபாவில் பேச்சில்லாமல் கிடக்கிறார். உடையில் அவ்வளவு சுத்தம். ஆனால் பதில் எழுதாத கடிதங்களைக் கணப்புக்கு மேலே மரத்தில் கத்தியால் குத்தி வைக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், எதிர்த்தரப்புச் சாட்சிக்கும் பஞ்சமில்லை. ஒரு கதையில் பிளம்பர் வேடம் போட்டு, பணிப்பெண்ணோடு கல்யாண நிச்சயம் வரை போய்த் தகவல் கறக்கிறார். ‘பார்த்தீர்களா, ஆட்டிசமே இல்லை’ என்பார் ஒருவர். ‘அதுதான் மாஸ்கிங், தன் இயல்பை மறைத்துக்கொண்டு ஊரோடு ஒத்துப்போவது’ என்பார் இன்னொருவர். எந்தச் சாட்சி வந்தாலும் பொருந்திவிடுகிற விடையை ஹோம்ஸே ஏற்க மாட்டார். ‘இவருக்கு என்ன?’ என்பதை விட்டுவிட்டு, ‘இவர் கவனம் எங்கே போகிறது, மற்றவர்கள் கவனம் எங்கே போகிறது?’ என்று கேளுங்கள். நரம்பியல் பன்மை, அதாவது மூளைகள் பல விதமாக இயங்குவது இயல்பே, என்ற பார்வை வாசகருக்குப் பயன்படுவது அங்கேதான்.

கேள்வி: சரி, அப்படி வாசிப்பது எப்படி? செய்முறையாகச் சொல்லுங்கள்.

பதில்: ஒரு சிறுகதை போதும். 1891 ஜூலை ஸ்ட்ராண்ட் இதழில் வந்த ‘ஸ்கேண்டல் இன் பொஹீமியா’வை எடுத்துக்கொள்ளுங்கள். (தாமும் ஐரீன் ஆட்லரும் சேர்ந்திருக்கும் பழைய படத்தை அவளிடமிருந்து மீட்டுத்தர பொஹீமிய அரசர் ஹோம்ஸை நாடுகிற கதை.) முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள், கதை கெட்டுப்போகும். இரண்டாம் வாசிப்பில் நோட்டுப் பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: ஹோம்ஸ் செய்தது, ஹோம்ஸ் சொன்னது, கதையைச் சொல்லும் நண்பர் வாட்சன் அவரைப் பற்றிச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் பக்க எண் முக்கியம். இல்லாவிட்டால் சினிமாவில் பார்த்த ஹோம்ஸும் உள்ளே நுழைந்துவிடுவார்.

மூன்றாம் பத்தி முதலில் நிரம்பும். காதல் முதலான உணர்ச்சிகள் அவருக்கு ஆகவே ஆகாது, யோசிக்கவும் கவனிக்கவும் செய்த இயந்திரம் அவர் என்று வாட்சன் தொடக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார். இப்போது கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அரசர் மரகதப் பாம்பு மோதிரத்தைக் கழற்றி நீட்டுகிறார். அதை விட்டுவிட்டு, தம்மைத் தோற்கடித்த ஐரீன் தனியாக இருக்கும் புகைப்படத்தைக் கேட்டு வாங்குகிறார் ஹோம்ஸ். இயந்திரம் செய்கிற வேலையா இது? முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் முட்டிக்கொள்கிற இந்த மாதிரி இடங்களில் கோடு போடுங்கள்.

நடுவில் இருக்கிற புகைக் காட்சியை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘தீ, தீ’ என்று கூச்சல் கிளம்பினால் மணமானவள் குழந்தையை எடுக்க ஓடுவாள், ஆகாதவள் நகைப்பெட்டிக்கு ஓடுவாள் என்பது ஹோம்ஸின் கணக்கு. ஐரீன் ஒளித்துவைத்த படத்தை நோக்கி ஓடுகிறாள். பாதி உருவியும் விடுகிறாள். கணக்கு பலித்தது. ஆனால் அதே நொடியில் அவளுக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. ஆண் உடை மாட்டிக்கொண்டு பின்தொடர்ந்து, பேக்கர் தெரு வாசலில் ஹோம்ஸுக்கே ‘குட் நைட்’ சொல்லிவிட்டுப் போகிறாள். எங்கோ கேட்ட குரல் என்று அவருக்குப் படுகிறது, ஆள்தான் பிடிபடவில்லை. மனித இயல்பைப் பொதுவிதியாகக் கரைத்துக் குடித்தவர், எதிரில் நின்ற ஒருத்தியைக் கோட்டைவிடுகிறார்.

பலரும் சறுக்குவது வாட்சனைக் கேமராவாக நினைப்பதில். அவரும் ஒரு தரப்பு. ஆட்டிச ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ இங்கே கைகொடுக்கும்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரிவது கடினம் என்றால், மற்றவருக்கும் அவரைப் புரிவது கடினம்தான். ஹோம்ஸுக்குப் பெயர் சூட்டாமலே இதைப் பயன்படுத்தலாம். வாட்சனுக்குப் புரியாததெல்லாம் ஹோம்ஸிடம் இல்லாதது ஆகிவிடாது.

கேள்வி: அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவுக்கு இருப்பது ஓ.சி.டி.தானே?

பதில்: ஓ.சி.டி. என்ற மனநோய் என்றால் வேண்டாத எண்ணம் விரட்டும், செய்ததையே செய்ய வைக்கும், நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கும் அல்லது ஆளையே வதைக்கும். புவாரோ பொருள்களை நேராக வைத்துவிட்டு மகிழ்ச்சியாக மீசையை நீவிக்கொள்கிறார். சொல்லைச் சிக்கனமாகச் செலவழிப்போம்.

1920இல் வந்த ‘ஸ்டைல்ஸ்’ நாவலில் இந்தப் பழக்கமே துப்பாகிறது. (படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள், கொலையாளி யாரென்று சொல்லப்போவதில்லை என்றாலும்.) புவாரோ மனதை அமைதிப்படுத்தச் சீட்டுக்கட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். கை துளியும் ஆடவில்லை. அன்று கொலையுண்டவர் அறையில் பெட்டியின் பூட்டு உடைந்திருந்தபோது மட்டும், கணப்பு மேலிருந்த சாமான்களை வழக்கம்போல அடுக்கிய உங்கள் கை நடுங்கியதே என்கிறார் நண்பர் ஹேஸ்டிங்ஸ். புவாரோ துள்ளி எழுந்து ஓடுகிறார். ஏன்? அன்று காலையே அவற்றை நேராக்கி வைத்தவர் அவர். மறுபடி நேராக்க வேண்டியிருந்தது என்றால் நடுவில் வேறு கை பட்டிருக்கிறது. தேடிய கடிதம் கிழிக்கப்பட்டு, நெருப்புப் பற்றவைக்கும் காகிதச் சுருள்களாக அங்கிருந்த ஜாடியிலேயே இருக்கிறது. தம் விரல்கள் செய்ததை அவரே கவனிக்கவில்லை. ‘மந்தபுத்தி’ ஹேஸ்டிங்ஸ் சொல்லித்தான் தெரிகிறது. இருவர் கவனமும் சேராமல் அந்த வழக்கு முடிந்திருக்காது.

கேள்வி: மனித இயல்பை அதிகம் அறிந்தவர் கிறிஸ்டியின் கிராமத்துத் துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிளா, செஸ்டர்டனின் பாதிரியார் துப்பறிவாளர் ஃபாதர் பிரவுனா?

பதில்: பிரவுன். மார்ப்பிள் புது ஆளைத் தம் கிராமத்துப் பழைய ஆளோடு ஒப்பிடுகிறார்; ஒப்பீடு பிசகினால் வெறும் முத்திரை குத்தல். பிரவுன் கொலைகாரனின் மனதுக்குள் தாமே போய் உட்கார்ந்து பார்க்கிறார். ‘இன்விசிபிள் மேன்’ கதையில் நால்வர் காவல் நின்றும் உள்ளே யாரும் போகவில்லை என்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. தினமும் வந்துபோகிறவரை ‘யாரும்’ என்ற கணக்கில் அவர்கள் சேர்க்கவே இல்லை.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் 13 வயது மகளுக்கு இக்கதைகளைக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. நாவல் வேண்டாம், சிறுகதையில் தொடங்குங்கள். ஹோம்ஸ் கதையான ‘சில்வர் பிளேஸ்’ நல்ல தொடக்கம். அதில் துப்பே நாய் குரைக்காமல் இருந்ததுதான். ஹோம்ஸ் விளக்கம் சொல்லத் தொடங்கும் இடத்தில் ஒரு தாளைச் செருகி நிறுத்துங்கள். ‘அவர் மனதில் என்ன ஓடுகிறது?’ என்று கேட்காமல், ‘இதுவரை நீ என்னென்ன பார்த்தாய்?’ என்று கேளுங்கள். ‘ஹோம்ஸ் உன்னை மாதிரியே’ என்று நீங்களாகச் சொல்ல வேண்டாம்; தோன்றினால் அவளே சொல்வாள். பழைய கதைகளில் உடல் ஊனமும் மனநோயும் கெட்டவனின் அடையாளமாக வருவதுண்டு. அதனால் ஒவ்வொரு கதையையும் நீங்கள் ஒரு நாள் முன்பே படித்துவிடுங்கள்.