இறக்கையில் ஐஸ், தகட்டில் கீறல்: கேள்வி பதில்

கேள்வி (கோண்டாவில்): அண்ணை, பலாலி விமான நிலையத்துக்கு வாற ஏ.டி.ஆர். 72 எண்ட காற்றாடி விமானத்தின்ர இறக்கை முன்விளிம்பில கறுப்பு றப்பர் இருக்குத்தானே? அது இருக்கேக்க குளிர்நாட்டில ஏன் நிலத்திலயும் ஐஸ் கரைக்கிற மருந்தடிக்கினம்?

பதில்: அந்த றப்பர் காற்றால் ஊதி, பறக்கும்போது முன்விளிம்பில் படியும் ஐஸை உடைக்கும். இறக்கையின் மேற்பரப்பில் படிந்த உறைபனியை அது தொடவே தொடாது. சாண்ட் பேப்பர் அளவு சொரசொரப்பே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, இழுவையை 40 சதவீதம் வரை கூட்டிவிடும். 1989 மார்ச் 10இல் கனடாவின் டிரைடனில் இறக்கையை சுத்தம் செய்யாமல் கிளம்பிய ஃபொக்கர் எஃப்28 விமானம் விழுந்து 24 பேர் இறந்தார்கள்.

கேள்வி (மானிப்பாய்): ரொறன்ரோவில மகன் எடுத்த வீடியோவில முதல் செம்மஞ்சள், பிறகு பச்சை அடிக்கினம். ஏன் ரெண்டு?

பதில்: செம்மஞ்சள் முதலாம் வகை. நீர்த்த கிளைக்கோல் (உறைநிலையைக் குறைக்கும் திரவம்), குழாய் முனையில் குறைந்தது 60 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். வேலையைச் செய்வது அந்தச் சூடும் வேகமும்தான். கலவையின் உறைநிலை வெளி வெப்பநிலையிலும் 10 பாகையாவது கீழே இருக்க வேண்டும். பச்சை நான்காம் வகை: கெட்டியானது, புதிதாக விழும் பனியைத் தாங்கி நிற்கும், ஓடுபாதையில் வேகம் ஏற வழிந்து போகும். முதலாவது உறைவதற்குள், வழமையாக மூன்று நிமிடத்துக்குள், பச்சையைத் தொடங்கவேண்டும். தாங்குநேரத்தை, அதாவது மருந்து பனியைத் தடுத்து நிற்கும் நேரத்தை, கணக்கிடுவது பச்சை அடிக்கத் தொடங்கிய நொடியிலிருந்து. அடித்து முடித்த பிறகு அல்ல. அடியில் ஐஸ் மிஞ்சியிருக்க மேலே பச்சை பூசினால் ஆபத்தை மூடி மறைத்ததாகத்தான் ஆகும். எஞ்சின் வாய், பிற்றோ குழாய் (வேகம் அளக்கும் குழாய்), சூடான பிரேக், கண்ணாடி இவற்றில் நேரே பீய்ச்சக் கூடாது.

கேள்வி: எங்கட வெயிலிலயும் ஐஸ் பிடிக்குமோ?

பதில்: பிடிக்கும். உயரத்தில் நெடுநேரம் பறந்துவந்தால் இறக்கைத் தாங்கியில் எரிபொருள் பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்; ஈரக்காற்று, மழை பட்டால் கண்ணாடிபோல் ஐஸ் படியும். கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் பார்க்கவேண்டும். 1991 டிசம்பர் 27இல் ஸ்டொக்ஹோமில் ஒரு எம்.டி.81 விமானத்தின் இறக்கையிலிருந்து உடைந்த ஐஸ் இரு எஞ்சின்களுக்குள்ளும் போனது. 129 பேரும் தப்பினார்கள். சென்னையிலிருந்து வரும் குறுந்தூர ஏ.டி.ஆருக்கு இது பெரிதாக நேராது.

கேள்வி (தொழில்நுட்ப மாணவன், நெல்லியடி): மருந்தடிக்கிற வாகனம் உரசிச் சின்ன நெளிவு. பெயின்ற் அடிச்சு விடலாமோ?

பதில்: வேண்டாம் தம்பி. ஆழம், நீளம், அகலம், தகட்டைத் தாங்கும் கிட்டிய உட்சட்டத்துக்கும் ரிவெற்றுக்கும் (தகட்டைப் பிணைக்கும் ஆணி) உள்ள தூரம் எல்லாம் அளந்து அமைப்புப் பழுதுபார்ப்புக் கையேட்டின் வரம்போடு ஒப்பிட வேண்டும். அலுமினியமென்றால் வெடிப்பு இருக்கிறதா என்று எடி கரண்ட் (சுழல் மின்னோட்ட) சோதனை. இழைப் படைகளை ஒட்டிச் செய்த கூட்டுப்பொருளென்றால் மேலே ஒன்றும் தெரியாமலே உள்ளே படைகள் பிரிந்திருக்கலாம். தட்டி ஒலியைக் கேட்டும் அல்ட்ராசொனிக்காலும் (மீயொலி) பார்க்கவேண்டும். வரம்புக்குள் உள்ள கீறலை மெதுவாகச் சரிவாக்கி, மிஞ்சிய தடிப்பை அளந்து, அரிப்புத் தடுப்புப் பூசி, பிறகுதான் பெயின்ற். வரம்பைத் தாண்டினால் வெட்டி எடுத்தே ஒட்டுத்தகடு. 1980இல் வால் உரசிய ஒரு போயிங் 747இல் கீறலை எடுக்காமல் மேலே தகடு அடித்தார்கள். கீறல் உலோகக் களைப்பில் வெடிப்பாக வளர்ந்து, 2002 மே 25இல் அது வானிலேயே உடைந்து 225 பேர் போனார்கள்.

கேள்வி: பச்சை மருந்து காய்ந்தால் தானாகப் போய்விடுமா?

பதில்: போகாது. இடுக்குகளில் தூளாகத் தங்கி, மழையில் ஊறிக் கூழாகி, உயரத்தில் உறைந்து எலிவேற்றரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இறுக்கும். காற்றுவிசையை நம்பி இயங்கும் கட்டுப்பாடுகளுள்ள விமானங்களில் இது மிக ஆபத்து. மூடிகளைத் திறந்து பார்த்து, கழுவி, பிறகு கிறீஸ் திரும்ப இடவேண்டும்.