தனி அறை இல்லாத வீட்டில் டயாலிசிஸ் செய்ய முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்காக பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்குப் போய் வருகிறோம். வயிறு வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் தனி அறை கிடையாது. கிருமி தொற்றிவிடாதா?

பதில்: தனி அறை கட்டாயமில்லை. டயாலிசிஸ் திரவப் பையை மாற்றும் அந்த அரை மணி, முக்கால் மணி நேரம் யாரும் குறுக்கே நடக்காத ஒரு மூலை போதும். சிஏபிடி என்ற இந்த முறைக்குக் கரண்டும் தேவையில்லை. தொப்புளை ஒட்டிப் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக சுமார் 2 லிட்டர் திரவம் வயிற்றுக்குள் இறங்கும். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் உள்ளேயே இருந்து, குடலைச் சுற்றியுள்ள சவ்வு வழியாகக் கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பை. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. இடையில் அப்பா கடைக்கும் போகலாம், கல்யாணத்துக்கும் போகலாம்.

தொற்று பயம் நியாயமானதுதான். கிருமி பெரும்பாலும் உள்ளே நுழைவது, பையையும் குழாயையும் இணைக்கும் அந்தச் சில நொடிகளில். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முகக்கவசம் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தவர்கள்தான் 'பழகிவிட்டதே' என்று கை கழுவுவதைச் சுருக்குகிறார்கள். பையைச் சூடாக்க வெந்நீரில் போடாதீர்கள்; ஈரம் வழியாகவும் கிருமி ஏறும்.

வடித்த பையை ஒவ்வொரு முறையும் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாக இருந்தால், வயிற்று வலியோ காய்ச்சலோ இல்லாவிட்டாலும், அந்தப் பையோடு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இட நெருக்கடி உண்மையில் வருவது வேறு இடத்தில். ஒரு மாதத்துக்கு 90 முதல் 120 பைகள்! அந்த அட்டைப் பெட்டிகளைத் தரை ஈரமும் எலியும் அண்டாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. திரவத்திலேயே குளுக்கோஸ் இருப்பதால், இருந்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரும். திரவத்தோடு புரதமும் வெளியேறும். முட்டை, மீன், பருப்பு எவ்வளவு என்று உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ குடலிறக்கம் இருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலருக்கு இந்த முறை ஒத்துவராது. கையில் ஃபிஸ்டுலா (மெஷின் டயாலிசிஸுக்கு ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். தொற்று முற்றினால் சில காலம் பழையபடி மெஷினுக்குப் போக வேண்டியிருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சிஏபிடி பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் அடக்கம். அப்பாவின் மருத்துவக் குறிப்புகளோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். குழாய் வைக்கும் முன்பே விசாரிப்பது நல்லது.