யானைகளுக்காக 12 லட்சம்: சொந்த டிரஸ்ட்டா, நன்கொடையா?

கேள்வி: எனக்கு 63 வயது. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உடுமலைப்பேட்டையில் சொந்த வீடு இருக்கிறது. பென்ஷன் மாதம் 42,000 ரூபாய். வங்கி டெபாசிட்டில் 38 லட்சம் இருக்கிறது, கடன் எதுவும் இல்லை. ஒரே மகன், நல்ல வேலையில் இருக்கிறான். கிராமத்து விவசாய நிலத்தை விற்றதில் என் பங்காக 12 லட்சம் வந்திருக்கிறது. அமராவதி பக்கம் யானைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்தப் பணத்தை யானைக்கும் காட்டுக்கும் கொடுக்க ஆசை. மறைந்த என் கணவர் பெயரில் டிரஸ்ட் தொடங்கலாமா? இல்லை, ஏற்கெனவே இருக்கும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடலாமா? வரி எவ்வளவு மிச்சமாகும்? பணம் உண்மையிலேயே யானைக்குப் போய்ச் சேருமா?

பதில்: அம்மா, முதலில் வரி விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் பென்ஷன் ஆண்டுக்கு 5.04 லட்சம். டெபாசிட் வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் சுமார் 2.66 லட்சம். மொத்தம் 7.70 லட்சம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைப்பதால் நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அந்த முறையில் நன்கொடைக்கான 80ஜி கழிவு கிடையாது. கழிவு வேண்டும் என்று பழைய முறைக்குப் போனால், நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்), மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு இரண்டும் போக சுமார் 45,000 ரூபாய் வரி வரும். ஒரு லட்சம் நன்கொடை கொடுத்தாலும், வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பும் அதில் பாதிதான் கழிவு என்ற விதியும் சேர்ந்து உங்களுக்கு மிச்சமாவது 7,000 ரூபாய்தான். ஏழாயிரத்துக்கு ஆசைப்பட்டு நாற்பத்தைந்தாயிரம் வரிக்குள் நுழைய வேண்டாம். வரி உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது நல்ல செய்தி: யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் யோசித்தால் போதும். நிலம் விற்றதில் மூலதன ஆதாய வரி வருமா என்பதை மட்டும் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நகராட்சி எல்லையிலிருந்து தள்ளி இருக்கும் கிராமத்து விவசாய நிலம் என்றால் பொதுவாக வராது.

அப்புறம், டிரஸ்ட். கணவர் பெயர் நிலைக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 12 லட்சத்தை முதலாகப் போட்டால் ஆண்டுக்கு 84,000 ரூபாய் போல வட்டி வரும். பத்திரப் பதிவு, டிரஸ்ட்டின் வரி விலக்குக்கான 12ஏபி பதிவு, அதைப் புதுப்பிப்பது, ஆண்டுதோறும் கணக்கு எழுதுவது, ரிட்டர்ன் தாக்கல் செய்வது என்று எவ்வளவு சிக்கனமாக நடத்தினாலும் 20, 25 ஆயிரம் அதிலேயே போய்விடும். மீதி அறுபதாயிரத்தை வைத்துக் காட்டில் ஒரு ஆளைக்கூட முழு ஆண்டும் வேலைக்கு வைக்க முடியாது. கடைசியில் நீங்களும் வேறு ஒரு அறக்கட்டளைக்குத்தான் அந்தப் பணத்தைக் கொடுப்பீர்கள். அதை நேரடியாகவே செய்யலாமே.

யானைக்குப் போய்ச் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் வால்பாறையையே பாருங்கள். தேயிலைத் தோட்டங்களும், நடுநடுவே துண்டு துண்டாகச் சோலைக்காடும், எல்லாவற்றுக்கும் ஊடாக யானை நடமாட்டமும் உள்ள இடம். அங்கே யானையால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை, யானை நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய் நின்றதால் நடந்தவை. மாலை பஸ்ஸை விட்டு இறங்கி லைன் வீட்டுக்கு நடந்து போகிறவருக்கு, அடுத்த வளைவில் என்ன நிற்கிறது என்று தெரியாது. மைசூரில் 1996இல் தொடங்கப்பட்ட நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன், வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தது. யானை எங்கே நிற்கிறது என்று ஆட்கள் பின்தொடர்ந்து பார்க்கிறார்கள். அந்தத் தகவல் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களின் போனுக்குக் குறுஞ்செய்தியாகவும், குரல் அழைப்பாகவும் போகிறது. எல்லார் கண்ணிலும் படும்படி கம்பத்தில் சிவப்பு விளக்கு இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால் போன் மூலமே அதை எரிய வைக்கிறார்கள். இந்த வேலைக்காக அந்த அமைப்பின் ஆனந்த குமாருக்கு 2015இல் பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தது. விட்லி என்பதும் ஒரு அறக்கட்டளைதான். நன்கொடை திரட்டி, காட்டில் வேலை செய்பவர்களுக்குப் பரிசுத்தொகையாகக் கொடுக்கிறது.

இதில் செலவு எங்கே ஆகிறது என்று கவனியுங்கள். விளக்குக்கும் கம்பத்துக்கும் ஒரு தடவைதான். தினமும் யானையைத் தேடிப் போகிறவரின் சம்பளம், ஜீப்புக்கு டீசல், போன் கட்டணம், பழுதான விளக்கை மாற்றுவது இவையெல்லாம் ஆண்டாண்டுக்கும் ஆகும் செலவு. அதே அமைப்பு வால்பாறையில் தோட்டங்களுக்கு நடுவே சீரழிந்த காட்டுத் துண்டுகளை 20 ஆண்டுகளுக்கு மேலாக மீட்டு வருகிறது. உண்ணிச்செடியை அகற்றி, விதை பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, நட்டு, களை எடுக்கிறார்கள். வெடிப்பலா மாதிரி, சோலைமந்தி என்ற சிங்கவால் குரங்குக்குத் தீனி கொடுக்கும் மரம் நிமிர்ந்து நிற்க எத்தனை ஆண்டு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பெரிய பணத்துக்கு இந்தப் பொறுமை குறைவு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் வன உயிரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. வெளிநாட்டு அறக்கட்டளைகளின் மானியமும் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத்தான். ஐந்தாவது ஆண்டில் களை எடுப்பவருக்குக் கூலி யார் கொடுப்பது? உங்களைப் போன்ற ஒருவர் நிபந்தனை இல்லாமல், ஆண்டு தவறாமல் கொடுக்கும் பணம் தொகையில் சிறியதாக இருக்கலாம். ஆனால் பெரிய பணம் தொடாத அந்த இடத்தில் அதுதான் நிற்கும்.

நிலத்தையே வாங்கிக் காப்பதும் உண்டு. வயநாட்டில் திருநெல்லி - குதிரக்கோடு யானை வழித்தடத்தில் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, அங்கிருந்த குடும்பங்களின் சம்மதத்தோடு நிலத்தை வாங்கி, அவர்களுக்கு வேறு இடத்தில் வீடும் நிலமும் ஏற்படுத்திக் கொடுத்து, வழித்தடத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. அருமையான வேலை. ஆனால் அதற்குப் பெருந்தொகை வேண்டும், பல அறக்கட்டளைகள் கைகோக்க வேண்டும். உங்கள் 12 லட்சத்தை மொத்தமாக அங்கே போடுவதைவிட நான் சொல்லும் வழி உங்களுக்குப் பொருந்தும்.

12 லட்சத்தில் 4 லட்சத்தைத் தனி டெபாசிட்டாக உங்கள் மருத்துவச் செலவுக்கு ஒதுக்கிவிடுங்கள். இதைக் கேட்டு நீங்கள் முகம் சுளிக்கலாம். 80 வயதில் மகனிடம் கை நீட்ட நேர்ந்தால், இன்று கொடுத்த நன்கொடை அன்று உறுத்தும். அது நடக்கக் கூடாது. மீதி 8 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2025-26இல் அதன் வட்டி 8.2 சதவீதம். ஐந்து ஆண்டுக்கு அதே விகிதம் மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும், ஆண்டுக்கு 65,600. வந்ததும் அப்படியே அறக்கட்டளைக்கு அனுப்பிவிடுங்கள். முதல் உங்களிடமே இருக்கும், அவசரம் என்றால் சிறிய அபராதத்தோடு எடுத்துக்கொள்ளலாம்.

எந்த அறக்கட்டளை? பெயர் சொன்னேன் என்பதற்காக அவற்றையே எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு வழியிலும் ஒன்று உண்டு. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் செய்த திருத்தத்தின்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கும் இருக்கிறது. எதுவானாலும் தணிக்கை செய்த கணக்கையும் ஆண்டறிக்கையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆசிரியை நீங்கள், விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு மழுப்பல் உடனே தெரிந்துவிடும். சம்பளத்துக்கு நிறையப் போகிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். காட்டில் நடப்பவருக்குப் போகும் சம்பளம்தான் அங்கே வேலையே. போன ஆண்டு எந்த ஊரில், எத்தனை பேர், என்ன செய்தார்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதுங்கள். பதில் ஊர்ப்பெயரோடு வந்தால் நல்லது. யானைக் குட்டியின் படத்தோடு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வந்தால் வேறு இடம் பாருங்கள். காட்டு யானையைத் 'தத்துக் கொடுக்கிறோம்' என்பது பெரும்பாலும் பணம் திரட்ட வைத்த பெயர்தான், அந்தக் குறிப்பிட்ட யானைக்கென்று தனிக்கணக்கு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கொடுக்கும்போது 'பொதுச் செலவுக்கு' என்று எழுதிக் கொடுங்கள், அவர்களுக்கு எங்கே பற்றாக்குறையோ அங்கே பயன்படுத்துவார்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், வங்கி வழியாகவே அனுப்பி ரசீது வாங்கி வையுங்கள். முதல் ஆண்டு முடிந்து திருப்தி இல்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். மொத்தமாகக் கொடுத்திருந்தால் அந்த வசதி இருக்காது.

கணவர் பெயருக்கு டிரஸ்ட் தேவையில்லை. நன்கொடைக் கடிதத்தில் 'இன்னார் நினைவாக' என்று எழுதுங்கள். பெரும்பாலான அமைப்புகள் ஆண்டறிக்கையில் அப்படியே போடுவார்கள்.

அந்த 8 லட்சம் உங்களுக்குப் பின் என்னவாகும் என்பதற்கு உயில் எழுதுங்கள். சேமிப்புத் திட்டத்தில் நாமினி போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர் மட்டுமே, உரிமை உயிலின்படிதான் போகும். அறக்கட்டளையின் பதிவுப் பெயர், முகவரி, பான் எண் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். அந்த அமைப்பு அப்போது இல்லாமல் போனால் யாருக்கு என்று ஒரு மாற்றுப் பெயரும் வேண்டும். இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிந்துவிடுங்கள். எழுதும் முன் மகனிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாமினியாக அவர்தான் இருப்பார், பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்தான்.