பிளேனோவில் சொத்து வரி கொட்டுகிறது, மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் பள்ளிகளை மூடுகிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். டாலஸுக்கு வடக்கே உள்ள இந்தப் புறநகர்ப் பள்ளி மாவட்டத்தில் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒரு காலத்தில் 55,000-க்கும் மேல் மாணவர்கள் இருந்தார்கள்; இப்போது 48,000-க்கும் கீழ். வீட்டு விலை ஏறியதால் இளம் குடும்பங்கள் இன்னும் வடக்கே போய்விட்டன.

டெக்சாஸில் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கும் மாநிலச் சூத்திரம் மாணவர் எண்ணிக்கையை அல்ல, தினசரி வருகையின் சராசரியைக் கணக்கிடுகிறது. ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019 முதல் 2025 வரை 6,160 டாலரிலேயே நின்றது. விலைவாசி நிற்கவில்லையே! சரி, வரிப்பணம்? சூத்திரம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் வசூலானால் அது மாநிலத்துக்குப் போகும். 1993-இல் வந்த இந்த ஏற்பாட்டை மக்கள் 'ராபின் ஹுட்' என்பார்கள். ஏழை மாவட்டங்களுக்கு உதவும் நோக்கம் நியாயமானது. ஆனால் அடிப்படைத் தொகையை உறையவைத்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கட்டடங்களுக்கு வாங்கும் பத்திரக் கடனை ஆசிரியர் சம்பளத்துக்குத் தொட முடியாது, அது தனிக் கணக்கு. புதுக் கட்டடம் எழும்போதே செலவைக் குறைப்பது இதனால்தான்.

முடிவெடுப்பது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும், சம்பளமில்லாத ஏழு பேர் கொண்ட வாரியம். 2024-இல் இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் மூட வாக்களித்தது அவர்கள்தான். ஸ்டார் (STAAR) என்ற மாநிலத் தேர்வின் மதிப்பெண் இதற்குக் காரணமல்ல, காலி வகுப்பறைகள்தான். அடுத்த வாரியத் தேர்தலில் கட்டாயம் வாக்களியுங்கள், மிகச் சிலரே போகிறார்கள்.