முருகன் முங்கிட்டாரா?

வணக்கம் ஐயா,

போன மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு திருநெல்வேலி வந்திருந்தேன். வேன் பிடித்து இரண்டே நாளில் நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில், நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில், பதினெட்டையும் முடித்தோம். நடை சாத்துவதற்குள் அடுத்தது, அடுத்தது என்று ஓடியதில், வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எது எந்த ஊர் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு முட்டிவலிதான் மிச்சம். கிளம்பும்போது குறுக்குத்துறை முருகனையும் பார்த்தோம். வெள்ளம் வந்தால் முழுகும் என்று தெரிந்தும் தாமிரபரணி ஆற்றுக்குள் ஏன் கோயில் கட்டினார்கள்? யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள். அடுத்த முறை எனக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

ம., கோவை

அன்புள்ள ம.,

அம்மாவின் முட்டி இப்போது தேவலையா? பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கும் நானே பதினெட்டையும் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. குன்னத்தூர் பாக்கி இருக்கிறது. உங்கள் வேன் டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

நவகைலாயத்தின் கதையை அவர் சொன்னாரா? அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஒன்பது பூக்களைத் தாமிரபரணியில் விட்டாராம். அவை ஒதுங்கிய இடத்திலெல்லாம் சிவனுக்குக் கோயில். பாபநாசத்தில் தொடங்கி, சேரன்மகாதேவி, கோடகநல்லூர் என்று இறங்கி, கடைசிப் பூ கடலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த ஊருக்குப் பெயரே சேர்ந்தபூமங்கலம். அதாவது இந்தப் பட்டியலைப் போட்டது ஆறு. நீங்கள் ரோட்டு வழியாகப் போய் அதை டிக் அடித்திருக்கிறீர்கள். கோயிலுக்கு நேராக வேனை நிறுத்தி, உள்ளே போய், சுற்றி வந்து, திரும்ப ஏறினால் எல்லாக் கோயிலும் ஒன்று போலத்தான் இருக்கும். ஊருக்கு ஊர் மாறுவது கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த நூறு இருநூறு அடிதான். முறப்பநாட்டில் ஆறு வடக்கே பார்த்துத் திரும்புகிறது, அதனால் அங்கே முழுகுவது விசேஷம். ராஜபதியில் பழைய கோயிலை வெள்ளமே கொண்டுபோய்விட்டது. நீங்கள் பார்த்தது பின்னால் கட்டியது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் உறங்காப் புளியமரத்தைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய விக்கிரகமே, மதுரகவியாழ்வார் தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சியபோது கிடைத்தது என்பது வைணவர்கள் சொல்லும் கதை. ஆற்றைப் பார்க்காமல் இதில் எதைப் பார்ப்பது?

சரி, குறுக்குத்துறைக்கு வருகிறேன். உங்களிடம் சிரித்தவர்களை மன்னித்துவிடுங்கள். அது முழுகும் கோயில் என்பது எங்களுக்கு மழைக்கு நனைவது மாதிரி.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை அடித்தால், ஆச்சி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்பாள், "ஏலே, முருகன் முங்கிட்டாரா?" படித்துறையில் தண்ணீர் என்றால் சாதாரணம். மண்டபத்தில் ஏறிவிட்டது என்றால் கொஞ்சம் யோசிப்பாள். முங்கிவிட்டார் என்றால், கரையோரத்தில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்வாள். அணையில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்ற செய்தியெல்லாம் எங்களுக்கு அப்புறம் வந்ததுதான்.

வெள்ளம் ஏறும் என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் மட்டும் நகர மாட்டார். தண்ணீர் அவர் தலைக்கு மேல் போகும், வடியும், சேற்றை அள்ளிப்போட்டுக் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்குவார்கள். கோயிலின் மேற்குப் பக்கத்தைக் கவனித்தீர்களா? ஆறு வந்து மோதும் பக்கம் அது. படகின் முனை மாதிரி கூராக இருக்கும். வருகிற வெள்ளம் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து போய்விடும். கட்டியவர்களுக்கு வெள்ளம் வரும் என்று நன்றாகத் தெரியும். தடுக்க நினைக்கவில்லை, வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஏன் அங்கே என்றால், பாறை அங்கேதான் இருக்கிறது. திருச்செந்தூர் முருகனுக்கே கல் இங்கிருந்துதான் போனது என்று ஊரில் சொல்வார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் கோயில் முழுகியதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. தண்ணீர் வடிந்து சில நாள் கழித்து நான் போனேன். மண்டபத் தூணில் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் காய்ந்த வண்டல் கோடு போட்டிருந்தது. ஒருவர் தென்னை ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு ஒரு சிற்பத்தின் வாயிலிருந்து மண்ணை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். குச்சி ஒடிந்தால் இன்னொன்று. காது, மூக்கு, கழுத்து மாலையின் ஒவ்வொரு மணிக்கும் நடுவே என்று, குழந்தைக்குக் குளிப்பாட்டிவிடுகிற மாதிரி. எவ்வளவு நேரமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "காலைல இருந்து இவருதான்" என்றார். அன்றைக்கு நான் சாமியைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

உங்கள் ஒரு நாளுக்கு வருவோம். விடியற்காலையில் குறுக்குத்துறை. அம்மாவைப் படித்துறையில் உட்கார வையுங்கள், காலை மட்டும் தண்ணீரில் விடட்டும், முட்டிக்கும் நல்லது. நடு ஆற்றுக்குப் போக வேண்டாம். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாது.

அங்கிருந்து டவுன், நெல்லையப்பர் கோயில். வேதசர்மா காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் சாமி வேலி போட்டுக் காத்தார், அதுதான் ஊர்ப் பெயர். மறுபடியும் மழைக்கதைதான் பாருங்கள். சுவாமி கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் தனித்தனியாக இருந்தவை. 1647இல் வடமலையப்ப பிள்ளை கட்டிய சங்கிலி மண்டபம்தான் இரண்டையும் சேர்த்தது. அதில் மெதுவாக நடந்து போங்கள். தாமிர சபையையும் தவறவிடாதீர்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. இசைத்தூண்களைக் கண்ணால் பார்த்தால் போதும். ஆளாளுக்குத் தட்டித் தட்டி அவை பட்ட பாடு போதும்.

மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். சும்மா இருக்க முடியாது என்றால் கிருஷ்ணாபுரம் போகலாம், அங்கேயும் நடை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். வெங்கடாசலபதி கோயிலின் குறவன், குறத்தி சிற்பங்களில் விலா எலும்பைக்கூட எண்ணலாம். ஆனால் அவசர அவசரமாக எண்ணக் கூடாது, அதனால் நான் அதைத் தனியாக இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பாபநாசம் இந்த முறை வேண்டாம். நீங்களாகவே போனால் ஒரு வேண்டுகோள்: பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போகாது. கல்லில் சுற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

சாயங்காலம் ஜங்ஷன் பக்கம் தைப்பூச மண்டபத்துக்கு வாருங்கள். தைப்பூசத்துக்கு நெல்லையப்பரே தீர்த்தவாரிக்கு இறங்கிவரும் இடம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சுலோசன முதலியார் பாலம். 1843இல் திறந்தது, 11 வளைவுகள். அதுவரை திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக ஓடம்தான். முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டினார். ஒரு கோபுரத்துக்குக் கொடுத்திருந்தால் இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருப்பார்கள். பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம், கலெக்டர் அலுவலகம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக வந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியபோது, ஆற்றில் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. எந்த யாத்திரைப் பட்டியலிலும் வராத துறை. நான் அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

அப்புறம் அல்வா. கீழரத வீதியில் இருட்டின பிறகு கூட்டம் எங்கே முண்டுகிறதோ அங்கே நில்லுங்கள், நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. சூடாக இலையில் வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். கோவைக்குக் கொண்டுபோவது வேறு பண்டம்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள், முருகன் வெளியே இருக்கிறாரா என்று.