அப்பா பிடித்தால் பையனும் பிடிப்பானா? சிகரெட்டும் மரபணுவும், கேள்வி பதில்

நான் கல்லூரியில் மரபியல் நடத்துகிறவன், டாக்டர் இல்லை. மருந்து கேட்டவர்கள் மன்னிக்கவும். மற்ற கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

சார், என் வீட்டுக்காரர் இருபது வருஷமாகச் சிகரெட் பிடிக்கிறார். மாமனார் பீடி. பையன் பத்தாவது படிக்கிறான். இது ரத்தத்திலேயே வருமா?

பாதி வரும் அம்மா. ஆனால் அந்தப் 'பாதி'யைப் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஆளுக்கு ஆள் புகைப்பழக்கம் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதி மரபணுவால் என்று தெரிகிறது. உங்கள் பையன் பிடிக்க 50 சதவீத வாய்ப்பு என்று அதற்கு அர்த்தமில்லை.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைச் சிறு வயதிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் 38 வயதை எட்டியதும், புகைப்பழக்கத்தோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் யாரிடம் எத்தனை என்று கூட்டி, ஒவ்வொருவருக்கும் மரபணு அபாய மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது. யார் முதல் சிகரெட்டைத் தொட்டார்கள் என்பதற்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை! தொட்ட பிறகுதான் அது வேலையைக் காட்டியது. பிடித்துப் பார்த்த பிள்ளைகளில், மதிப்பெண் கூடியவர்கள் 15 வயதுக்குள் தினமும் பிடிக்கிறவர்களாக மாறும் வாய்ப்பு 24 சதவீதம் அதிகம். 18 வயதில் நாளைக்கு ஒரு பாக்கெட் என்ற நிலைக்குப் போகும் வாய்ப்பு 43 சதவீதம் அதிகம். பதின்ம வயதைப் பழக்கமில்லாமல் கடந்தவர்களிடம் அந்த மரபணுக்கள் பின்னாலும் பெரிதாகத் தலைகாட்டவில்லை.

ஆக, முதல் சிகரெட்டைக் கொடுப்பது தாத்தாவின் ரத்தம் இல்லை. நண்பனும், கயிற்றில் நெருப்பைத் தொங்கவிட்டு ஒற்றை சிகரெட் விற்கும் பெட்டிக்கடையும்தான்.

ஹாஸ்டலில் நானும் ரூம்மேட்டும் ஒரே நாளில்தான் ஆரம்பித்தோம். அவன் வாரத்துக்கு ஒன்றோடு நிற்கிறான். எனக்குப் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே தேவைப்படுகிறது. ஏன் அண்ணா?

எழுந்து அரை மணி நேரத்துக்குள் கை சிகரெட்டைத் தேடினால் நல்ல அறிகுறி இல்லை தம்பி. எவ்வளவு அடிமை என்று அளக்கும்போது முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

உங்கள் இருவருக்கும் இரண்டு இடங்களில் வித்தியாசம் இருக்கலாம். ஒன்று கல்லீரல். உள்ளே போகும் நிகோட்டினில் 70 முதல் 80 சதவீதத்தைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுவதில் முக்கிய வேலை சி.ஒய்.பி.2ஏ6 என்ற என்சைமுடையது. சிலருக்கு அது வேகம், சிலருக்கு மந்தம். வேகக்காரருக்கு நிகோட்டின் சீக்கிரம் வற்றிவிடும், அடுத்ததற்குக் கை நீளும்.

இன்னொன்று மூளை. 15ஆம் குரோமோசோமில் சி.எச்.ஆர்.என்.ஏ.5 என்றொரு மரபணு இருக்கிறது. நிகோட்டின் வந்து ஒட்டும் ஏற்பியின் ஒரு துண்டைச் செய்வது அதுதான். அதன் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால், அந்த மாற்றத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் (அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரலாம்) நாளைக்குச் சுமார் ஒரு சிகரெட் கூடுகிறது என்று 2008இல் தெரியவந்தது. 2011இல் எலிகளிடம் இதே மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். சாதாரண எலி, அளவு மீறினால் 'போதும்' என்று ஒதுங்கியது. மரபணு இல்லாத எலி நிறுத்தாமல் நிகோட்டினை எடுத்துக்கொண்டே இருந்தது. பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி.

அப்படியென்றால் என்சைம் மந்தமாக உள்ள பிள்ளை தப்பித்ததா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாண்ட்ரியல் பிள்ளைகளை வைத்து 2004இல் வந்த ஆய்வு குழப்பிவிட்டது. மந்தக்காரப் பிள்ளைகள் பிடித்தது குறைவு, ஆனால் அடிமையானது அதிகம்! நிகோட்டின் வெளியேறாமல் வளரும் மூளையில் நீண்ட நேரம் தங்குவதுதான் காரணமாக இருக்கலாம். வேறு சில ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. பெரியவர்களில் மட்டும் விஷயம் தெளிவு: மந்தக்காரர்களுக்கு விடுவது சற்றுச் சுலபம்.

எச்சில் எடுத்து அனுப்பினால் ஜீன் டெஸ்ட் செய்து சொல்கிறார்களாமே, பிள்ளைக்கு எடுக்கலாமா?

வேண்டாம், காசு மிச்சம். 2019இல் சுமார் 12 லட்சம் பேரை ஆராய்ந்ததில், புகையோடும் மதுவோடும் தொடர்புள்ள 400க்கும் மேற்பட்ட இடங்கள் மரபணுத் தொகுப்பில் கிடைத்தன. பெரும்பாலானவற்றின் பாதிப்பு தனித்தனியே கடுகளவு. அதிலும் ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். மேலே சொன்ன 15ஆம் குரோமோசோம் மாற்றம் அங்கே சகஜம், கிழக்கு ஆசியாவில் அபூர்வம். சீன ஆண்கள் என்ன, குறைவாகவா பிடிக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூவரும் பிடிக்கிறார்கள். அக்கா தங்கை யாரும் தொட்டதில்லை. ஜீன் ஆண்களுக்கு மட்டும்தானா?

அருமையான கேள்வி. ஸ்வீடனில் தனித்தனியாகவும் சேர்ந்தும் வளர்ந்த இரட்டையர்களை வைத்து 2000இல் ஓர் ஆய்வு வந்தது. 1925க்கு முன் பிறந்த பெண்களிடம் மரபணுவின் பங்கே தெரியவில்லை. 1940க்குப் பின் பிறந்த பெண்களிடம் ஆண்களைப் போலவே 60 சதவீதத்துக்கு மேல். இரண்டு தலைமுறையில் ஜீன் மாறாது. மாறியது ஊர்தான். பெண் சிகரெட் பிடித்தால் ஊர் பேசும் என்ற பயம் போனதும், அதுவரை மூடிக் கிடந்தது வெளியே வந்தது.

இந்தியாவில் 2016-17 கணக்கெடுப்பின்படி புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2. உங்கள் அக்கா தங்கைகளுக்கு ஜீன் இல்லை என்று சொல்ல முடியாது, வாய்ப்பு வரவில்லை. அப்புறம், வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டி யாராவது வீட்டில் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் நிகோட்டின்தான்.

(முதலில் கேட்ட அம்மா மறுபடி) நேற்று பையன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் புதினா மிட்டாய் உறைகள் ஏழெட்டு. சட்டையிலும் வாடை. தாத்தா கதையைச் சொல்லி மிரட்டவா?

மிரட்டாதீர்கள். தாத்தா கதையைச் சொல்லலாம், ஆனால் 'உனக்கும் அதே விதி' என்கிற தொனியில் வேண்டாம். 'நம் வீட்டு ஆட்களுக்குத் தொட்டால் விடாது, அதனால் நீ மற்றவர்களைவிடச் சீக்கிரம் விட வேண்டும்' என்று சொல்லுங்கள். 'நிறுத்தலாம் என்று நினைத்து முடியாமல் போயிருக்கிறதா?' என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். ஆமாம் என்றால் நாளைக்கு எத்தனை என்ற கணக்கே வேண்டாம், பிடி விழுந்துவிட்டது. 1800-11-2356 தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் கிடையாது. அவனே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். வீட்டுக்காரரையும் அதே எண்ணுக்கு ஒரு தடவை பேசச் சொல்லுங்கள்.