கானை மூடினால் நடைபாதை கிடைக்கும்

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஏ7 வீதியோரமாக நடந்துதான் பாடசாலைக்குப் போகிறார்கள். ஒரு பக்கம் மண்மேடும் மழைநீர் ஓடும் திறந்த கானும் (வடிகால்), மறுபக்கம் பள்ளம். மஞ்சள் கடவை கேட்டு மனு எழுதலாமா?

பதில்: எழுதுங்கள். ஆனால் முதலில் கடவையைக் கேட்காமல், கானுக்கு மூடி கேளுங்கள். கடவை உதவுவது வீதியைத் தாண்டும் சில விநாடிகளுக்கு. பிள்ளைகள் வாகனங்களை உரசிக்கொண்டு நடப்பதோ வழி முழுவதும். மலையை வெட்டிப் போட்ட நம் வீதிகளை அகலப்படுத்த இடமில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான் என்றாலும், மேட்டுப் பக்கத்துக் கான் பிடித்திருக்கும் இடம் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. அதன் மேல் ஒன்றரை மீற்றர் அகலம் கிடைத்தால், குடை பிடித்த இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே வந்தாலும் ஒருவர் வீதியில் இறங்க வேண்டியதில்லை.

மூடியின் வேலைப்பாட்டில்தான் கவனம் தேவை. ஒரேயடியாகக் கொங்கிறீற் போட்டு அடைத்துவிட்டால், மேட்டிலிருந்து சரியும் மண் உள்ளே தங்கி, அடுத்த பெருமழையில் வெள்ளம் வீதிக்கே வரும். எனவே இருவர் தூக்கக்கூடிய பலகைகளாக இருக்க வேண்டும். பாசி படிந்து வழுக்காமலிருக்க, கொங்கிறீற் இறுகுமுன் விளக்குமாற்றை இழுத்து மேற்பரப்பில் வரி விட வேண்டும். துப்புரவுக்காகத் தூக்கிய ஒரு பலகை மாதக்கணக்கில் மேட்டில் சாய்ந்து கிடந்ததையும், குழியில் யாரோ ஒரு மரக்கிளையை நட்டிருந்ததையும், பிள்ளைகள் சரியாக அந்த இடத்தில் வீதிக்கு இறங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என்பதையும் மனுவிலேயே கேளுங்கள்.

கடவையை வளைவில் கேட்காதீர்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஈரமான தாரில் நிற்க ஏறக்குறைய 40 மீற்றர் வேண்டும். 30 கிலோமீற்றர் என்றால் அதில் பாதி போதும். இறக்கத்திலும் பனிமூட்டத்திலும் நிலைமை இன்னும் மோசம். ஆகையால் இரு பக்கமும் தொலைவிலிருந்தே தெரியும் நேரான இடத்தில், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்புறமாகக் கடவை அமைய வேண்டும். இறங்கியவர் நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கிடுவதே பெரிய ஆபத்து.

ஏ வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு என்பதால், உள்ளூராட்சி சபைக்கு மட்டும் எழுதினால் போதாது. மழை பெய்யும் ஒரு காலையில் எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள் என்று எண்ணி, படங்களோடு இணையுங்கள். அதுவரை, எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி வீதியின் வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்லுங்கள்.